கூலி எல்லாம் கையில் காசாக வருகிறது, ஐடிஆர் (வருமான வரிக் கணக்கு) எப்படித் தாக்கல் செய்வது?

கேள்வி: திருப்பூர் பெயிண்டர்
வணக்கம். லேபர் காண்ட்ராக்டில் வீடுகளுக்கு பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். பெயிண்ட், பட்டி எல்லாம் வீட்டுக்காரரே வாங்கிக் கொடுத்துவிடுவார். கூலி காசாகத்தான் வரும். ஐந்து ஆட்களுக்குச் சனிக்கிழமை நான் கொடுப்பதும் காசுதான். 2025-26இல் வந்தது மொத்தம் 18 லட்சம் இருக்கும். ஆள் கூலி, சாரம் வாடகை, பெட்ரோல் போக 5 லட்சம் நின்றது. பில் கிடையாது, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக் கடன் கேட்டுப் போனால் ஐடிஆர் கொண்டு வா என்கிறார்கள். பில் இல்லாமல் முடியுமா?

பதில்: கரூர்க்காரன்
12 லட்சம் வரை வரியே இல்லை அண்ணா. ஒன்றும் செய்ய வேண்டாம்.

பதில்: கணக்கு பார்ப்பவர், ஈரோடு
வரி இல்லை என்பது சரி, ஆனால் தாக்கல் வேண்டாம் என்பது தவறு. புதிய வருமான வரி முறையில் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு மேல் 12 லட்சம் வரை வரும் வரியை 87ஏ பிரிவின் வரித் தள்ளுபடி கழித்துவிடுகிறது.

பில் இல்லையே என்று பயப்படாதீர்கள். உங்களைப் போன்ற சிறு தொழில்காரர்களுக்காகவே 44ஏடி பிரிவு இருக்கிறது. முறையான கணக்குப் புத்தகம் இல்லாமலே, மொத்த வரவில் குறைந்தது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி ஐடிஆர்-4 படிவம் போடலாம். ஜிபே, பேங்க் வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் போதும்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 18 லட்சத்துக்கு 8 சதவீதம் 1.44 லட்சம். அதை மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். அது குறைந்தபட்ச அளவு. உண்மையில் நின்றது 5 லட்சம் என்றால் 5 லட்சத்தையே காட்டுங்கள். வரி 5,000 ரூபாய் வரும், தள்ளுபடியில் அதுவும் போய்விடும். உண்மையைச் சொல்வதால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. 1.44 லட்சம் காட்டினால் மாதம் 12,000 ரூபாய் வருமானக்காரருக்கு எப்படிக் கடன் கொடுப்பது என்று பேங்கில் கேட்பார்கள்.

திருப்பூர் பெயிண்டர்
ரொம்ப நன்றி சார். இன்னும் இரண்டு விஷயம். ஒரு பில்டர் 1,80,000 ரூபாய் வேலைக்கு 1,800 பிடித்துக்கொண்டு கொடுத்தார். அது போனது போனதுதானா? அப்புறம், ஒருவர் எட்டு லட்சம் வருமானம் காட்டி மூன்று வருட ஐடிஆர் எடுத்துத் தருகிறேன் என்கிறார்.

கணக்கு பார்ப்பவர், ஈரோடு
அந்த 1,800 டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே உங்கள் வரிக்கணக்கில் கட்டுவதற்காகப் பிடிப்பது. உங்கள் பான் எண்ணில் கட்டியிருக்கிறாரா என்று 26ஏஎஸ் படிவத்தில் (உங்கள் பெயரில் கட்டிய வரி விவரம்) பாருங்கள். இருந்தால் ஐடிஆரில் காட்டுங்கள், ரீஃபண்டாகக் கணக்குக்கே வந்துவிடும். இல்லையென்றால் பில்டரைப் பிடித்துக் கேளுங்கள்.

இரண்டாவது ஆளிடம் போகவே போகாதீர்கள். வராத வருமானத்தைக் காட்டினால் நாளை பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், அவர் இருக்க மாட்டார். இந்த வருடம் ஒழுங்காகத் தாக்கல் செய்துவிட்டு, கடனுக்கு எத்தனை வருட ஐடிஆர் வேண்டும் என்று பேங்கிலேயே நேராகக் கேளுங்கள்.

பதில்: டைல்ஸ் வேலை, சேலம்
நானும் காசுத் தொழில்தான். சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கு 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் போட்டால் வருமான வரித் துறைக்குத் தகவல் போகும். அதற்குப் பயந்து காசை வீட்டில் வைக்காதீர்கள், ஐடிஆரில் 18 லட்சம் வரவு என்று இருந்தால் கேட்டாலும் பதில் இருக்கிறது. வரவு 20 லட்சத்தைத் தாண்டும் போலிருந்தால் ஜிஎஸ்டி பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். நோட்டில் தேதி, வீட்டு முகவரி, வாங்கிய தொகை மூன்றும் இருக்கட்டும்.