அழைப்பு வராத நாட்கள்

என் கணவர் ராணுவத்தில் பணிபுரிகிறார். அவர் களப்பணிக்குச் சென்றிருந்த காலங்களில் வீட்டு வேலையோ பிள்ளைகளின் படிப்போ என்னை அவ்வளவாகத் திணற வைக்கவில்லை. வழக்கமாக வரும் அழைப்பு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுபோகும் நாட்களைத்தான் கடக்க முடியாமல் தவித்தேன். கணவரையோ மனைவியையோ முதல் முறையாக வழியனுப்பியிருப்பவர்களுக்கு உதவும் என்பதால், அந்த நாட்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அழைப்பு நிற்பதற்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணங்களே இருக்கும். படை இடம் மாறிக்கொண்டிருக்கலாம், மலைப்பகுதியில் சிக்னல் கிடைக்காமல் போகலாம், கடற்படையினர் என்றால் கப்பலிலிருந்து பேசவே அனுமதி இல்லாதிருக்கலாம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அதை கணவரின் யூனிட்டில், அதாவது அவருடைய படைப்பிரிவில், மூத்த ஒருவரின் மனைவி, நாங்கள் அக்கா என்று அழைப்பவர், என்னை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். முகாமில் யாராவது உயிரிழந்தாலோ பலத்த காயமடைந்தாலோ, அவருடைய குடும்பத்துக்கு முறைப்படி தகவல் போய்ச் சேரும்வரை, மற்றவர்கள் வீட்டுக்குப் பேசுவதையும் இணையத்தைப் பயன்படுத்துவதையும் நிறுத்திவைப்பார்கள். ஆப்கானிஸ்தானில் இருந்த பிரிட்டிஷ் படைகளில் இதற்கு ‘ஆபரேஷன் மினிமைஸ்’ என்று பெயர். ஒரு தாயோ மனைவியோ அந்தச் செய்தியை அக்கம்பக்கத்து வதந்தியாகக் கேட்டுவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். அந்த ஏற்பாட்டை நான் முழு மனதோடு மதிக்கிறேன். இதைத் தெரிந்துகொண்டதால் என் பயம் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கணவரின் குரலைத் திரும்பக் கேட்கும்போது வருகிற நிம்மதியோடு, நமக்கு வராத அந்தச் செய்தி இன்னொரு வீட்டுக்குப் போயிருக்குமோ என்ற வேதனையும் சேர்ந்தே வருகிறது.

பல நாடுகளில் அத்தகைய தகவலைத் தொலைபேசியில் சொல்வதில்லை. சீருடையில் நேரில் வந்தே சொல்வார்கள். அதனால் அழைப்பு வராத நாட்களில் வாசல் மணி அடித்தாலே எனக்குக் கை கால் ஓடாது. பார்சல் கொண்டு வந்தவரிடம் கையெழுத்துப் போடும்போது பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியாமல் விரல்கள் நடுங்கியிருக்கின்றன. எனவே உறவினர்களிடமும் நண்பர்களிடமும், புறப்படுவதற்கு முன் ஒரு வார்த்தை தெரிவித்துவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டேன். காரணம் புரிந்ததும் யாரும் வருத்தப்படவில்லை. யூனிட்டைச் சேர்ந்த மனைவியர் நாங்களும், உறுதிப்படுத்தாத எந்தச் செய்தியையும் ஒருவருக்கொருவர் அனுப்புவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டோம். கணவர் எங்கே இருக்கிறார், எப்போது திரும்புவார் என்பதைச் சமூக வலைத்தளங்களில் எழுதவே கூடாது. அது அவருடைய உயிரோடும் உடனிருப்பவர்களின் உயிரோடும் தொடர்புடைய விஷயம்.

அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தவர். உடலால் இல்லாமல் மனத்தளவில் வீட்டிலேயே இருக்கும் ஒருவரைச் சுற்றி வாழ்வதன் சிரமத்தை அவர் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார். எங்கள் நிலையை அவர்களுடைய துயரத்தோடு ஒப்பிடவே முடியாது. ஆனாலும் நான் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் என் கணவர் இருக்கிறார், அவரிடம் கேட்கத்தான் முடியவில்லை என்ற தவிப்பை அந்தச் சொற்கள் எனக்குப் புரியவைத்தன.

பேச வாய்ப்புக் கிடைக்கும்போது எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. செயற்கைக்கோள் தொலைபேசியில் குரல் சற்றுத் தாமதித்தே போய்ச் சேரும் என்பதால், ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில்கூட என் தயக்கத்தை அவர் கண்டுபிடித்துவிடுவார். ஆகையால் நான் எதையும் மறைப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், மருத்துவரிடம் காட்டியதையும் இப்போது எப்படி இருக்கிறான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அவர் புறப்படுவதற்கு முன் பவர் பத்திரம், வங்கிக் கூட்டுக் கணக்கு, நாமினி விவரம் ஆகியவற்றை முடித்துவிடுங்கள். அவற்றைவிட முக்கியமாக, அவசரம் என்றால் யூனிட்டில் யாரை அழைக்க வேண்டும், தகவல் யார் மூலம் வரும் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் வீட்டுக்குப் போய்த் தங்குவதாக இருந்தால், அந்த முகவரியையும் தொலைபேசி எண்ணையும் போவதற்கு முன்பே யூனிட்டில் பதிவு செய்யுங்கள். பதிவேட்டில் எந்த முகவரி இருக்கிறதோ, அந்த வீட்டைத்தான் அவர்கள் தேடி வருவார்கள்.