காலி செய்த வீட்டுக்குச் சேதம் என்று 49,700 ரூபாய் கேட்கிறார்கள். எப்படிப் பதில் தருவது?

உப்பனாறு_ஓரம்:
கடலூர் குண்டு உப்பலவாடி பக்கம் தரைத்தள வீடு. 650 சதுர அடி, இரண்டு படுக்கையறை. 2021 ஜூனிலிருந்து 2025 ஏப்ரல் வரை வாடகை, மாதம் 9,000, அட்வான்ஸ் 45,000. முதல் 11 மாதத்துக்குத்தான் எழுத்து ஒப்பந்தம், அப்புறம் வாய்ப்பேச்சுதான். 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் வீட்டுக்குள் மூன்றடித் தண்ணீர். இப்போது குடியிருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டை.

அட்வான்ஸ் வரவில்லை. எட்டு மாதம் கழித்து ஹவுஸ் ஓனரின் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பெயிண்டிங் 38,400, மூன்று கதவு 27,000, வாஷ்பேசினும் குழாய்களும் 6,500, சுவிட்ச் போர்டு 4,800, இரண்டு மாத வாடகை இழப்பு 18,000, ஆக 94,700. அட்வான்ஸ் போக மீதி 49,700, அதற்கு 24 சதவீத வட்டி. 15 நாள் கெடு. கூடவே ரெக்கவரி ஏஜென்சி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தினமும் போன் செய்கிறார். கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் போய்விடும், போலீஸ் வரும் என்கிறார். எதிலிருந்து ஆரம்பிப்பது?

தாவா_மடிப்பு:
போன்காரரை முதலில் ஓரம் கட்டுங்கள். வங்கி, நிதி நிறுவனம் மாதிரி கடன் கொடுக்கும் நிறுவனங்கள் தரும் கணக்குதான் சிபிலில் ஏறும். ஹவுஸ் ஓனர் அந்த வகையில் வரமாட்டார், அவர் வைத்த ஆளும் வரமாட்டார். இது கடன் பாக்கியே கிடையாது, நிரூபிக்க வேண்டிய நஷ்டஈட்டுக் கோரிக்கை. "எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்" என்று ஒரே ஒரு மெசேஜ் போட்டுவிட்டு அதோடு நிறுத்துங்கள். முக்கியமாக, "மெதுவாகக் கட்டுகிறேன்" என்று எழுதாதீர்கள், "நல்லெண்ணத்துக்கு ஒரு ஆயிரம்" என்று ஜிபே பண்ணாதீர்கள். பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ மூன்று வருடக் காலவரையறை புதிதாக ஓட ஆரம்பிக்கும் (1963 காலவரையறைச் சட்டம், 18, 19ஆம் பிரிவுகள்). இப்படிச் சின்னத் தொகை கேட்டால் அது பெரும்பாலும் அதற்குத்தான்.

வக்கீல் நோட்டீஸ் கோர்ட் உத்தரவு இல்லை. 15 நாள் என்பதும் அவர்களாகப் போட்ட கெடு. அதற்காகப் பதில் போடாமல் விடாதீர்கள், "நோட்டீஸ் வாங்கியும் மறுக்கவில்லை" என்று பின்னால் அதையே ஒரு வாதமாக வைப்பார்கள்.

வீடு கடலூரில் இருப்பதால் 2017ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வாடகைச் சட்டம்தான் பேசும். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. நீங்கள் முத்தியால்பேட்டைக்கு வந்துவிட்டதால் புதுச்சேரியின் 1969 வாடகைச் சட்டம் இதற்குள் வராது. தமிழ்நாட்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் நீங்கள் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை ஓனர் தந்திருக்க வேண்டும். எட்டு மாதம் கணக்கே காட்டாமல் இருந்தது அவர் பக்கத்துத் தவறு. பதிலில் முதல் பத்தியே இதுவாக இருக்கட்டும்.

அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று பிரிக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் லைன், வயரிங் எல்லாம் உரிமையாளருக்கு. டேப், வாஷர், வாஷ்பேசின், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருந்தவருக்கு. அதனால் 6,500, 4,800 இரண்டையும் மொத்தமாக மறுக்காதீர்கள். உடைந்திருந்ததா, எப்போது, பில் எங்கே என்று கேளுங்கள். நியாயமானதை ஏற்கத் தயாராக இருப்பவர் மற்றதை மறுத்தால் அதற்கு எடை கூடும்.

வெள்ளத்துக்கு 1882 சொத்து மாற்றச் சட்டம், 108ஆம் பிரிவின் (m) உட்பிரிவு இருக்கிறது. வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும், ஆனால் நியாயமான தேய்மானமும் தடுக்கமுடியாத இயற்கைச் சக்தியும் விலக்கு. சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை ஆற்றில் வந்து ஊருக்குள் ஏறியதைக் குடியிருந்தவர் எப்படித் தடுப்பார்?

சுண்ணாம்பு_கரண்டி:
சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், பெயிண்டிங் எஸ்டிமேட்டைப் பார்ப்போம். அதில் எத்தனை சதுர அடி, என்ன ரேட் போட்டிருக்கிறார்கள்?

உப்பனாறு_ஓரம்:
3,200 சதுர அடி, 12 ரூபாய் வீதம். லெட்டர்பேடில் எழுதியது, ஜிஎஸ்டி எண் இல்லை. வீட்டுக்குக் கடைசியாகப் பெயிண்ட் அடித்தது 2019இல், நான் வருவதற்கு முன்பு.

சுண்ணாம்பு_கரண்டி:
650 சதுர அடி வீட்டுக்குச் சுவரும் சீலிங்கும் சேர்த்துத் தரைப்பரப்பைப் போல மூன்று, மூன்றரை மடங்குதான் வரும். 2,000 முதல் 2,300 வரை. 3,200 எங்கிருந்து வந்தது, அறைவாரியாக அளவு கொடுங்கள் என்று கேளுங்கள். ஒன்று வெளிச்சுவரையும் சேர்த்திருப்பார்கள், இல்லை ஜன்னல், கதவுத் திறப்புகளைக் கழிக்காமல் விட்டிருப்பார்கள்.

2019இல் அடித்த எமல்ஷன் 2025இல் ஆறு வருடப் பெயிண்ட். கடலூர் உப்புக்காற்றில் அது யார் குடியிருந்தாலும் மங்கும், கிரில் துரு ஏறும். அப்படியே ஏதாவது கொடுக்க வேண்டி வந்தாலும் மிச்சமிருந்த ஆயுளுக்குத்தான். புதுப் பெயிண்டுக்கான முழு விலையைக் கேட்டால் அவருக்கு வீடு புதுசாகிவிடும், செலவு உங்கள் தலையில்.

போட்டோவில் வெள்ளச் சேதத்தைத் தனியாகக் காட்ட முடியும். வெள்ளம் எல்லா அறையிலும் ஒரே மட்டத்தில் கோடு போடும். அதற்குக் கீழே உப்பு பூத்து, பட்டி (பெயிண்டுக்கு அடியில் பூசும் பூச்சு) உதிரும். குழாய்க் கசிவு அப்படி வராது, ஓரிடத்தில் ஆரம்பித்து விசிறி போல விரியும். கதவும் அப்படித்தான். பிளஷ் கதவு (பிளைவுட் ஒட்டிய தட்டைக் கதவு) நீரில் நின்றால் அடிப்பகுதி பிளை பிரிந்து வீங்கும், மூன்றிலும் அதே உயரத்தில். பாத்ரூமில் பிவிசி கதவு இருந்து அது மட்டும் தப்பியிருந்தால் அதையும் போட்டோவோடு குறிப்பிடுங்கள், அதுவே பாதிக் கேஸ். மாறாக ஒரு கதவில் மட்டும் கைப்பிடிப் பக்கம் ஓட்டை இருந்தால் அதை வெள்ளத்தின் மேல் போடாதீர்கள், மற்றதையும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்று. ஈரம் முழுசாகக் காயாத சுவரில் பிரைமர் அடித்தால் சில மாதத்தில் கொப்பளிக்கும். அவர் அவசரமாக அடித்து, மறுபடி அடித்த செலவையும் சேர்த்திருக்கிறாரா என்று பில் தேதிகளைக் கேட்டால் தெரிந்துவிடும்.

தாவா_மடிப்பு:
போட்டோ பற்றி ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் படமாகப் போனதில் எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரம் அழிந்துவிடும். போனில் இருக்கும் மூலக்கோப்பைத் தொடாமல் வையுங்கள், போனையும் மாற்றாதீர்கள். கோர்ட்டில் கொடுக்கும்போது மின்னணு ஆதாரத்துக்கான 2023 சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுச் சான்று வேண்டும். அரசு கொடுத்த 2,000 ரூபாய் நிவாரணத்தைப் பெரிய ஆதாரமாக நம்பாதீர்கள், மாவட்டத்தில் பரவலாகக் கொடுத்தது, உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதை அது காட்டாது. சாவி கொடுத்த அன்றைய மெசேஜ், பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த வீடியோ, அப்போது ஓனருக்கே அனுப்பிய படம், இவைதான் வேண்டும்.

18,000 வாடகை இழப்பு சும்மா சேர்த்தது. பெயிண்டிங்கும் கதவும் பத்துப் பதினைந்து நாள் வேலை. நஷ்டத்தைக் குறைக்க அவர் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று 1872 ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. 24 சதவீத வட்டிக்கு ஒப்பந்தத்தில் ஷரத்து இருக்கிறதா பாருங்கள். கூடவே "காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம்" என்ற வரி இருந்தால் அந்த 9,000 அவருக்குப் போகலாம், ஆனால் அதற்கு மேல் 38,400 கேட்பதற்கு அதே வரியே தடையாக நிற்கும்.

பதிலை வக்கீல் மூலம் அனுப்பினால் நல்லது. நீங்களே எழுதினால், மேலே "என் உரிமைகளுக்குப் பங்கமின்றி" என்று போட்டு, கோரிக்கையை வரிவரியாக எடுத்து, கடைசியில் அட்வான்ஸ் மீதியைத் தேதி போட்டுக் கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில், டெலிவரி ஆதாரத்தோடு. பதிவுத் தபாலை 2025இலேயே அதோடு இணைத்துவிட்டார்கள்.

கெடிலம்_பாலம்:
போலீஸ் பற்றி. பணம் வசூலித்துத் தருவது ஸ்டேஷன் வேலை இல்லை. கூப்பிட்டால் போய்க் கேளுங்கள், ஆனால் அங்கே "இத்தனை தேதிக்குள் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தாள்தான் நாளைக்கு ஓனரின் முதல் ஆவணம். போன்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்புவேன், கை வைப்பேன் என்ற அளவுக்குப் போனால் பாரதிய நியாய சம்ஹிதா 351ஆம் பிரிவு, குற்றமுறு மிரட்டல். அழைப்புப் பட்டியலோடு நீங்களே புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்பனாறு_ஓரம்:
லோக் அதாலத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போகணுமா?

கெடிலம்_பாலம்:
போவது நல்லது, பணத்தைக் குறைத்து முடிக்க ஒரு வழி. உங்கள் சம்மதமில்லாமல் அங்கே தீர்ப்பு வராது. ஆனால் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது, அதனால் அட்வான்ஸ் 45,000ஐக் கணக்கில் சேர்த்தார்களா என்று படித்துவிட்டுப் போடுங்கள். சிவில் கோர்ட் சம்மன் வேறு விஷயம். அது வந்தால் 30 நாளில் எதிருரை (எழுத்தில் பதில்), கோர்ட் அனுமதித்தால் 90 வரை. போகாமல் விட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு, அதை நீக்கக் கேட்க 30 நாள்தான். வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால் 15100க்கு அடித்து இலவசச் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கு அதில் வருமான வரம்பு பார்ப்பதில்லை, வாடகை ஒப்பந்தம் மனைவி பெயரில் இருந்தால் அவரே கேட்கலாம்.