கப்பல் கணக்கும் தாங்கிக் கணக்கும் ஒத்துவராத நாள்: கண்டதை எழுதுங்கோ (திருகோணமலைப் பக்கத்து ஆக்கள் எழுதினது, ஒவ்வொண்டுக்கும் மேல எழுதினவரின்ர ஊர்)

சீனக்குடா

வளைகுடாவில இருந்து வந்த டீசல். ஏத்தின இடத்தில குடுத்த கப்பல் பில்லில 10,000 கிலோலீற்றர், கரைத் தாங்கியில தண்ணியைக் கழிச்சுப் பார்த்தால் 9,900. குறையிறது புதுசில்லை, இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மனசை விட்டுப் போகாதது, தண்ணி பட்டால் சிவக்கிற பேஸ்ட் நிறம் மாறின அந்த நேரம்தான். தாங்கிக்குள்ள இறக்கி உயரம் அளக்கிற டிப் டேப்பின்ர குண்டில மெல்லிசாப் பூசி, இறக்கி, பத்து விநாடி அடியில வைச்சு எடுத்தால் 22 மில்லிமீற்றருக்குச் சிவப்பு. கப்பல் இறக்க முதல் பார்த்தது வெறும் 3. விளிம்பு கத்தியால கீறினது போல நேரா நிண்டது. புள்ளி புள்ளியாச் சிவந்திருந்தால் எண்ணெயோட கலங்கின தண்ணி எண்டு சொல்லலாம். இது தனியாப் படிஞ்ச தண்ணி.

36 மீற்றர் விட்டமுள்ள தாங்கியில 1 மில்லிமீற்றர் எண்டால் ஏறத்தாழ 1,000 லீற்றர். அப்ப 19,000 லீற்றர் தண்ணி கப்பலால வந்ததா, குழாயால வந்ததா?

கிண்ணியா

தம்பி, முதல்ல வெப்பநிலையைச் சொல்லும். கோடை காலத்தில வளைகுடாவில 41 பாகையில ஏத்தின டீசலை இங்க 31 பாகையில அளந்தால், ஒரு பாகைக்கு 0.00083 பங்கு எண்ட கணக்கில 10,000 கிலோலீற்றருக்கு 83 சுருங்கும். அது களவு இல்லை, எண்ணெய்யின்ர குணம்.

மிச்சத்துக்குக் குழாயைப் பாரும். 12 அங்குலக் குழாய் ஒரு கிலோமீற்றருக்கு 73,000 லீற்றர் பிடிக்கும். முந்தின இறக்கம் முடியத் தண்ணி விட்டுத் தள்ளிப்போட்டு, 260 மீற்றர் நீளத்துக்கு அப்பிடியே விட்டிருந்தால் உம்மட 19,000 லீற்றரும் சரி. தண்ணி தாங்கிக்குள்ள போன இடத்தில இப்ப டீசல் குழாய்க்குள்ள நிக்கும், ஆகவே டீசலிலயும் 19 குறையும். 83உம் 19உம் 102. கணக்கு முடிஞ்சுது. இறக்கத் தொடங்க முதல் குழாய் நிறைஞ்சிருக்கா எண்டு பார்க்காமல் வால்வைத் திறந்ததுதான் பிழை. கப்பல் பம்பால கொஞ்சம் எண்ணெய் தள்ளிப்போட்டுப் பம்பை நிப்பாட்டி, கப்பல் எவ்வளவு குடுத்தது, தாங்கி எவ்வளவு எடுத்தது எண்டு ஒப்பிட்டால் அரை மணித்தியால வேலை.

உப்புவெளி

கிண்ணியா நானா, வெப்பநிலைச் சிட்டையைக் காணாமலே கணக்கை முடித்துவிட்டீர்கள். கூட்டிப் பார்த்தால் சரிவருகிற எண்தான் எனக்குப் பயம். எண்ணெய் உள்ள நாடுகளில் சண்டையே இந்த அளவுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

ஈராக்கை எடுங்கள். பொருளாதாரத் தடைக்குள் இருந்த ஈராக், உணவும் மருந்தும் வாங்குவதற்காக எண்ணெய் விற்க ஐ.நா. அனுமதித்த உணவுக்கு எண்ணெய் திட்டத்தில் 1996 டிசம்பரில் ஏற்றுமதி தொடங்கியது. விற்ற பணம் பக்தாத்துக்குப் போகாமல் ஐ.நா. வைத்திருந்த கணக்குக்குப் போனது. ஆகவே அளவுக்குள் வராத ஒவ்வொரு பீப்பாயும் பக்தாத்துக்கு நேரடிக் காசு. 2001 இல் மினா அல் பக்கர் துறையில் எசெக்ஸ் என்ற கப்பலில் நடந்தது எனக்கு மறக்காது. ஐ.நா. பரிசோதகர் அளந்து, தாளில் கையெழுத்து வைத்து இறங்கிய பிறகு பம்ப் திரும்ப ஓடியது. மே மாதம் ஒரு தடவை, ஓகஸ்டில் ஒரு தடவை, இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 5 இலட்சம் பீப்பாய். கப்பலின் தலைவரே எழுதி அறிவித்ததால்தான் வெளியே வந்தது. அளந்தவர் பிழையாக அளக்கவில்லை. அளந்த நேரம்தான் பிழை.

2003 க்குப் பிறகும் பல வருடம் பஸ்றாத் துறையில் ஒழுங்காக அளவு திருத்திய மீற்றர் இல்லாமல், கப்பல் தாங்கியின் அலேஜை, அதாவது எண்ணெய்க்கு மேலே உள்ள வெற்றிடத்தின் உயரத்தைப் பார்த்துத்தான் ஏற்றினார்கள். 20 இலட்சம் பீப்பாய் ஏற்றுகிற கப்பலில் அரை வீதம் என்றால் 10,000 பீப்பாய். பீப்பாய் 70 டொலர் என்று வைத்தால் 7 இலட்சம் டொலர், ஒரே கப்பலில்.

நிலத்துக்கு அடியில் இன்னும் மோசம். 1990 இல் ருமைலா வயலிலிருந்து 2.4 பில்லியன் டொலர் எண்ணெயைக் குவைத் எடுத்துவிட்டது என்று ஈராக் குற்றம்சாட்டியது. எல்லையைத் தாண்டிக் கிடக்கிற ஒரே வயல். எந்தப் பக்கத்து எண்ணெய் எந்தக் கிணற்றால் வந்தது என்பதை டேப் இறக்கிப் பார்க்க முடியாது. அந்த ஓகஸ்டில் ஈராக் படை எல்லையைத் தாண்டியது.

மூதூர்

பெரிய கப்பல் கதை இருக்கட்டும். 2022 யூலை, பெற்றோல் செட்டுக்கு (எரிபொருள் நிரப்பு நிலையம்) எண்ணெய் கொண்டு வாற பவுசர் லொறி வந்து இறக்கின கையோட பம்பைத் திறந்தாங்க. பேஸ்ட் பூசிப் பார்க்கேல்ல. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் குடுத்த காலம். வரிசையில நிண்டு எடுத்த அந்த 4 லீற்றரோட ஒரு சைக்கிள் நூறு யார் தூரம் போய் நிண்டுது. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழட்டினால் அடியில தண்ணி முத்து முத்தா உருளுது. அந்தக் கிண்ணம்தான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

செட் வைச்சிருக்கிற ஆக்களுக்குச் சொல்றன். பவுசர் இறக்கினால் நிலத்தடித் தாங்கியிலயும் தண்ணி அடியில படிய நேரம் குடுங்கோ, பிறகு பேஸ்டால பாருங்கோ, பிறகு வில்லுங்கோ. 6,600 லீற்றர் பெற்றோல் 5 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 40 லீற்றர் சுருங்கும், அதுக்காகப் பவுசர்க்காரனோட சண்டை பிடிக்காதீங்கோ. பெரிய தாங்கியில ஏறுற ஆக்கள், நிரப்பி அரை மணித்தியாலம் போகாமல் டேப் இறக்காதீங்கோ. எண்ணெய் ஓடுறதால மின்னேற்றம் தேங்கி நிக்கும், ஒரு பொறி போதும். நைலோன் கயிறு கூடாது, பருத்திக் கயிறு பாவியுங்கோ. டேப்பை மூடியின்ர உலோக விளிம்பில தொட வைச்சுக்கொண்டே இறக்குங்கோ. காத்து பக்கவாட்டில அடிக்கிற மாதிரி நில்லுங்கோ, மூடியை மெல்லத் திறந்து முதல் ஆவியைப் போக விடுங்கோ. மூண்டு தரம் அளந்து 3 மில்லிமீற்றருக்கு மேல வித்தியாசம் வந்தால் திரும்ப முதலில இருந்து அளக்கவேணும். தாங்கியில எழுதியிருக்கிற மொத்த உயரம் வராமல் குண்டு முந்தியே தட்டினால் அடியில சேறு இருக்கு, அந்த அளவை எழுதாதீங்கோ.

கடற்றொழில் செய்யிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த ஓகஸ்டில மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து 340 ஆச்சு. தண்ணி கலந்தால் எஞ்சின் நடுக்கடலில நிக்கும். திருகோணமலையில பாவிக்காமல் கிடந்த மேல் எண்ணெய்க் குதத்துத் தாங்கியளையும் முந்தியே திறந்திருந்தால் அந்த வரிசையே வந்திராது.

நிலாவெளி

கடைசி வரியோட ஒத்துப்போக முடியேல்ல. வரிசை வந்தது தாங்கி இல்லாமல் இல்லை, டொலர் இல்லாமல். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கட்டுறதை நாடு நிறுத்தினது. காசு கட்ட முடியாமல் எண்ணெய்க் கப்பல் கொழும்புக்கு வெளியில காத்து நிண்டதை மறந்தாச்சா? வெறும் தாங்கி தானாக நிறையாது.

திருகோணமலை எண்ணெய்க் குதத்தில 99 தாங்கி, ஒவ்வொண்டும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோட இரண்டு நாடும் மாத்தின கடிதத்திலேயே இது இருந்தது, பிறகு 2003 குத்தகை, பிறகு 2022 சனவரியில பிரிச்சது: 14 இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு, அதில 51 வீதம் கூட்டுத்தாபனத்துக்கு. கையெழுத்து வைச்ச உடனே எண்ணெய் ஊத்தலாம் எண்டு நினைக்கிறது பிழை.

காடு வெட்டி, வாயு இல்லை எண்டு அளந்து, உள்ள இறங்கி அடித்தகட்டின்ர தடிப்பை மீயொலிக் கருவியால பார்க்கவேணும். மேல இருந்து பார்த்தால் வடிவான தகடு. அது அரிக்கிறது நிலத்தோட ஒட்டின பக்கம், கண்ணுக்கு வராது. தகட்டுப் பொருத்து எல்லாத்தையும் வெற்றிடப் பெட்டி வைச்சு ஓட்டை இருக்கா எண்டு பார்த்து, தாங்கி நிறையத் தண்ணி விட்டு, அத்திவாரம் சுத்திவர ஒரே அளவில இறங்குதா எண்டு அளக்கவேணும். ஒரு பக்கம் கூட இறங்கினால் சுவர் முறுகும். பிறகு எந்த உயரத்துக்கு எத்தனை லீற்றர் எண்டு புதுசா அளவு அட்டவணை போடவேணும். பழைய அட்டவணையோட பாவிச்சால் சீனக்குடா தம்பியின்ர குறைவு ஒவ்வொரு கப்பலுக்கும் வரும்.

சீனக்குடா

சிட்டையைத் திரும்ப எடுத்துப் பார்த்தாச்சு. கிண்ணியா நானா, பில்லில இருக்கிற 10,000 ஏத்தின நேரத்து அளவு இல்லை, 15 பாகையில எவ்வளவு இருக்கும் எண்டு திருத்தின எண். கரையில 9,900 எண்டு எழுதினது 31 பாகையில, திருத்தாமல். அதையும் 15 பாகைக்குக் கொண்டுவந்தால் 9,768 தான் வருது. குறைவு 100 இல்லை, 230 க்கும் மேல. குழாயில நிண்ட 19 ஐக் கழிச்சாலும் 210 க்கு விளக்கம் இல்லை.

கிண்ணியா

அப்ப நான் சொன்ன 83 பிழை. சுருக்கம் எங்கட பக்கம் இல்லை. கப்பல் தாங்கி காய்ஞ்சுது எண்டு குடுத்த சான்றிதழை எடும். ஆர் பார்த்தது, எத்தனை மணிக்கு, பம்ப் அறையும் பார்த்தவங்களா எண்டு பாரும். அந்தக் கப்பலின்ர முந்தின பத்துப் பயணத்துக் கப்பல்–கரை வித்தியாசத்தையும் கேளும். கப்பல் இன்னும் வெளியில நங்கூரத்திலதான் நிக்குதெண்டால் இண்டைக்கே எதிர்ப்புக் கடிதம் குடும், போன பிறகு குடுத்தால் எடுக்கமாட்டாங்க.