பொட்டலம் கட்டியதும் மாறிய கணக்கு

கருவாட்டுத் தொழில் தொடங்க நினைக்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா அக்கா?" என்பதைத்தான். நானும் என் மதினியும் பாம்பனில் நெத்தலியும் காரலும் வாங்கி உலர்த்தி விற்கத் தொடங்கிய காலத்தில், இதே கேள்வியோடு ராமநாதபுரத்தில் ஓர் ஆடிட்டரைப் பார்க்கப் போனேன். ஆண்டுக்கு எவ்வளவு விற்பீர்கள் என்று கேட்பார் என நினைத்திருந்தேன். "சாக்கிலிருந்து அள்ளி எடை போட்டுக் கொடுக்கிறீர்களா, பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டி விற்கிறீர்களா அம்மா?" என்று கேட்டார்.

கருவாட்டு வியாபாரத்தின் வரி விவகாரம் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். அள்ளி எடை போட்டு விற்கும் கருவாட்டுக்கு வரி இல்லை. அதே கருவாட்டைக் கால் கிலோ, அரைக் கிலோ என முன்கூட்டியே கட்டி, பெயர், முகவரி, எடை, விலை அச்சிட்டு விற்றால் 5 சதவீதம். 2022 ஜூலை 18 முதல் இப்படித்தான். வரி விலக்குள்ள சரக்கை மட்டும் விற்பவருக்குப் பதிவே தேவையில்லை. பொட்டலமும் விற்றால், உள்ளூர் வியாபாரத்துக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் அந்த 40 லட்சத்தில் சாக்கிலிருந்து அள்ளி விற்றதும் சேரும். லாபத்தை அல்ல, மொத்த விற்பனையைத்தான் பார்ப்பார்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை.

இந்தக் கணக்கின்படி நாங்கள் பதிவு இல்லாமல் நிம்மதியாகவே இருந்தோம். ராமேஸ்வரத்துக்குச் சாமி கும்பிட வந்த பெங்களூருக் குடும்பம் ஒன்று, ஊர் திரும்பிய பிறகு மாதாமாதம் பொட்டலம் அனுப்ப முடியுமா என்று கேட்டது. அவர்கள் சொல்லி இன்னும் சிலர் கேட்டார்கள். வரி உள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால் 40 லட்சம் என்ற வரம்பு பொருந்தாது. முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான ஒரு சதவீத இணக்க வரித் திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டேன். அதில் சேர்ந்தவர் மாநிலம் விட்டு மாநிலம் விற்க முடியாது என்றார் ஆடிட்டர். அந்த வாடிக்கையாளர்கள் நிலைப்பார்களா என்று சில மாதம் யோசித்து, நிலைப்பார்கள் என்று தெரிந்த பிறகுதான் பதிவு செய்தோம். உங்களுக்கும் இதையே சொல்வேன்: பயந்துகொண்டும் எடுக்க வேண்டாம், பெருமைக்காகவும் எடுக்க வேண்டாம். யாருக்கு, எந்த ஊருக்கு, எப்படி விற்கப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

பதிவு எடுத்துவிட்டால் விற்பனை இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். தவறினால், ஒன்றும் விற்காத கணக்குக்குக்கூட நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். நம் கடற்கரைக்கு இது முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வரும் மீனின் விலை ஏறிவிடும், வாங்கி உலர்த்தினால் கட்டுப்படியாகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்ததால் எங்களுக்கு அலைச்சல் குறைந்தது.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கணினி மையத்தில் அதற்கு 1,500 ரூபாய் கேட்டார்கள். அரசு இணையதளத்தில் அது முற்றிலும் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும். வலை பின்னியும் மீன் அறுத்தும் சேர்த்த காசை இப்படிப் பறிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தெருவில் யார் தொழில் தொடங்கினாலும் இப்போது நானே உட்கார்ந்து பதிந்து கொடுக்கிறேன்.

சிறு தொழிலுக்கான முத்ரா கடனுக்கு வங்கிக்குப் போனபோது மேலாளர் கேட்டது நியாயமான கேள்வி: "தடைக்காலத்தில் தவணை எப்படிக் கட்டுவீர்கள்?" தினசரி நோட்டை நீட்டினேன். அதில் பச்சை மீன் விலை, உப்பு, ஐஸ், கூலி, வண்டி வாடகை, நொறுங்கிய கழிவு எல்லாம் தனித்தனியாக இருந்தன. மூன்று நான்கு கிலோ பச்சை நெத்தலி உலர்ந்தால் ஒரு கிலோ கருவாடுதான் தேறும். இதைச் சேர்க்காமல் விலை வைப்பவர்கள் விற்க விற்க நஷ்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயப்போட முடியாத வாரங்களும் உண்டு. ஆண்டில் எட்டு மாதம்தான் வருமானம் என்று வைத்து, அந்த மாதங்களிலேயே பன்னிரண்டு தவணைக்கும் ஒதுக்குகிறோம். மேலாளர் நோட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

வருமான வரிக்கு இத்தனை நுணுக்கம் தேவைப்படவில்லை. 2 கோடி ரூபாய்க்குள் விற்பவர்கள் உத்தேச லாப முறையில் தாக்கல் செய்யலாம். ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வந்ததில் 6 சதவீதம் குறைந்தபட்ச லாபமாகக் காட்ட வேண்டும். 18 லட்சம் விற்று, அதில் பாதி யுபிஐயில் வந்தால் 72,000 ரூபாயும் 54,000 ரூபாயும் சேர்த்து 1,26,000 ரூபாய். வேறு வருமானம் இல்லாதவருக்கு இதில் வரி ஏதும் வராது. ஆனாலும் தாக்கல் செய்யுங்கள், அடுத்த கடனுக்கு வங்கி அதைத்தான் கேட்கும்.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு வரி நோட்டீஸ் போனதாகச் செய்தி வந்ததும், பாம்பன் சந்தையில் ஒரு பெரியம்மா க்யூஆர் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டார். "நீங்கள் விற்பது அள்ளிப் போடும் கருவாடு, அதற்கு வரியே இல்லை பெரியம்மா, எதற்குப் பயப்படுகிறீர்கள்?" என்று நெடுநேரம் பேசிப் பார்த்தேன். வாங்கியதற்கும் விற்றதற்கும் நோட்டு இருந்தால் யார் கேட்டாலும் காட்டலாம் என்றேன். அரை மனதோடுதான் தலையாட்டினார்.

தடைக்கால மாதங்களை விட்டுவிட்டுத் தவணை வசூலிக்க ஒப்புக்கொண்ட வங்கி தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடிப் பக்கம் யாருக்காவது அமைந்திருந்தால், என்ன காகிதம் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். என் மதினி தனியாக ஒரு கடன் கேட்கப் போகிறார்.