புரோப் வைத்திருப்பவர் போட்ட டேகை நம்பலாமா?

லாஸ்பேட்டை_பாமா:
எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் காப்பர் இணைப்பையும் ஃபைபரையும் ஒப்பிட்டு ஒரு புராஜெக்ட் செய்கிறார்கள். தரவு ரைப் அட்லஸிலிருந்து. தெரியாதவர்களுக்காக: ஆம்ஸ்டர்டாமில் உள்ள, இணைய முகவரிகளைப் பங்கிடும் அமைப்பான ரைப் என்சிசி 2010 முதல் நடத்தும் அளவீட்டு வலை அது. ரூட்டரில் செருகும் சின்னப் பெட்டிதான் புரோப். ராப்பகலாகப் பிங் (ஒரு சர்வரைத் தொட்டுத் திரும்ப ஆகும் நேரம்), டிரேஸ்ரூட் (வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரையும் தொட்டுத் திரும்ப ஆகும் நேரம்) எடுத்து அனுப்பும். 'வீடு', 'டிஎஸ்எல்' (காப்பர் தொலைபேசி லைனில் வரும் இணையம்), 'ஃபைபர்' என்று வைத்திருப்பவரே டேக், அதாவது அடையாளச் சொல், போடலாம். ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) ஓடுகிறதா என்பது போன்றவற்றுக்கு சிஸ்டமே போடும் டேக் தனி. பிள்ளைகள் முதல் வகையை மட்டும் பார்த்துப் பெட்டிகளைப் பொறுக்கிவிட்டார்கள். அது கூடாது. ஆள் போட்ட டேகை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

மஞ்சக்குப்பத்தான்:
அடியோடு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன் மேடம். வீடா கடையா, பெட்டி நேராக ரூட்டரில் இருக்கிறதா, மொட்டைமாடி வைஃபையைத் தாண்டி வருகிறதா, இதெல்லாம் சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும்? கண்ணால் பார்த்தவர் சொன்னால்தான் உண்டு. அதையும் தூக்கிப்போட்டால் கையில் என்ன மிஞ்சும்?

லாஸ்பேட்டை_பாமா:
பார்த்தவர் பார்த்த அன்றைக்கு அது சரி, தம்பி. அப்புறம்? வைபவ் பாஜ்பாய் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, டேகை எப்போதாவது மாற்றியவர்கள் சுமார் 2.8 சதவீதம்தான். சிஸ்டம் டேக் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் காப்பர் போய் ஃபைபர் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 'டிஎஸ்எல்' டேக் உள்ள ஒரு பெட்டியின் டிரேஸ்ரூட்டை நேற்று திறந்தோம். முதல் ஹாப் (வழியில் வரும் ரூட்டர்) வீட்டு ரூட்டர், ஒரு மில்லி விநாடிக்குள். இரண்டாவது ஹாப், அதாவது கம்பெனிப் பக்கம், இரண்டு மில்லி விநாடி. நம்ம ஊர் ஏடிஎஸ்எல் (வழக்கமான டிஎஸ்எல் வகை) லைனில் அது நடக்கவே நடக்காது. இன்டர்லீவிங் (பிழையைத் திருத்த வசதியாகத் தரவைக் கலைத்து அனுப்பும் முறை) போட்டிருந்தால் அதற்கே பத்து, இருபது போய்விடும். ஃபைபருக்கு மாறி எவ்வளவு நாளோ, டேக் அப்படியே கிடக்கிறது.

முத்தியால்பேட்டை_வாசகன்:
பாமா மேடத்தின் சோதனை ஒருவழிப் பாதை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மில்லி விநாடி வந்தால் 'டிஎஸ்எல்' பொய். ஆனால் 'ஃபைபர்' டேகில் இருபது வந்தால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. கம்பெனியின் அடுத்த ரூட்டர் பெங்களூரில் இருக்கலாம்.

இருப்பிடமும் இதே கதைதான். மேப்பில் புள்ளி வைப்பது ஆள். எந்தக் கம்பெனி நெட்வொர்க் என்பது மட்டும் ஐபி முகவரியிலிருந்து தானாக வருகிறது. பெட்டி மகன் வீட்டோடு சென்னைக்குப் போயிருக்கும், புள்ளி புதுச்சேரியிலேயே நிற்கும். ஆனால் ஃபைபரில் ஒளி போய்வர நூறு கிலோமீட்டருக்கு ஒரு மில்லி விநாடி ஆகும். புதுச்சேரி என்று சொல்லும் பெட்டி சென்னை சர்வரை அரை மில்லி விநாடியில் தொட்டால் அது புதுச்சேரியில் இல்லை.

மஞ்சக்குப்பத்தான்:
இதைத்தான் நானும் கேட்கிறேன். டேக் என்பது ஒருவர் சொன்ன தகவல். சோதித்துப் பாருங்கள், தூக்கி எறியாதீர்கள். சோதிக்கவே முடியாத விஷயமும் இருக்கிறது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியிலும் கடலூரிலும் நாம் பட்டது தெரியும். பெட்டி தொடர்பு அறுந்தால் கரண்ட் போனதா, லைன் போனதா? யுபிஎஸ் இருக்கிறதா என்பதை வைத்திருப்பவர்தான் சொல்ல முடியும்.

லாஸ்பேட்டை_பாமா:
அதற்கும் டேக் தேவையில்லை. புரோப் தான் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற கணக்கையும் அனுப்புகிறது. திரும்பி வரும்போது கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தால் கரண்ட் போயிருக்கிறது. தொடர்ந்து ஏறியிருந்தால் லைன் பிரச்சினை.

மஞ்சக்குப்பத்தான்:
மேடம், பெட்டி யுபிஎஸ்ஸிலும் ஃபைபர் மோடம் சுவர் பிளக்கிலும் இருந்தால்? வீட்டில் கரண்ட் போகும், மோடம் அணையும், புரோப் மட்டும் எண்ணிக்கொண்டே இருக்கும். உங்கள் கணக்குப்படி லைன் கோளாறு, பழி கம்பெனிக்காரன் தலையில். இன்னொன்று, பல பேர் புரோப்புக்கு ரூட்டரின் யுஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுக்கிறார்கள். ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலே கணக்கு பூஜ்யம். கரண்டே போகாத தெருவில் கரண்ட் போனதாக எழுதுவீர்கள்.

லாஸ்பேட்டை_பாமா:
சரி, அந்த இடத்தில் டேக் உதவும், மறுக்கவில்லை. ஆனால் புயல் நாளில் அந்த யுபிஎஸ் வேலை செய்ததா என்பதை டேக் சொல்லாதே. பேட்டரி செத்திருந்தாலும் டேக் இருக்கும். அதை ஆதாரமாக வைத்து மின்தடை எண்ணிக்கை எழுத விடமாட்டேன்.

முத்தியால்பேட்டை_வாசகன்:
டேக் இல்லாத பெட்டிகளை மறந்துவிடாதீர்கள். 'வீடு' டேக் இல்லை என்றால் வீடு இல்லை என்று பொருளில்லை. அவர் அந்தப் பக்கத்தையே திறக்காமல் இருந்திருக்கலாம். அப்புறம், எல்லாப் பெட்டிகளின் விவரத்தையும் டேகோடு சேர்த்து ரைப் என்சிசி தினமும் கோப்பாக வெளியிடுகிறது. பழைய கோப்புகளைப் புரட்டினால் ஒரு டேக் எப்போது முளைத்தது என்று தெரியும். பிள்ளைகளிடம் முதலில் அந்த வேலையைக் கொடுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
நல்ல யோசனை ஐயா. மேடம், முரண்படும் பெட்டிகளையும் நீக்க வேண்டாம். தனி அட்டவணையாகப் போடச் சொல்லுங்கள். அவற்றைச் சேர்த்தாலும் விட்டாலும் காப்பர்-ஃபைபர் வித்தியாசம் அப்படியே நின்றால் இந்தச் சண்டைக்கே வேலையில்லை.

லாஸ்பேட்டை_பாமா:
தனி அட்டவணை சரி. நின்றதா இல்லையா என்பதை இங்கேயே போடுகிறேன். யுபிஎஸ் விஷயத்தில் மட்டும் மாற மாட்டேன்.