அப்பா எல்லையில்: மகளுக்கு என்ன படக்கதை வாசிக்கலாம்?

கணவர் ராணுவத்தில், இப்போது லடாக்கில். ஐந்து வயது மகள் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, அப்பாவின் பழைய ஷூவுக்குள் சேர்த்து வைக்கிறாள். ‘அப்பா எப்ப வருவாரு?’ என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்ல படக்கதை சொல்லுங்களேன்.

பதில் 1: ஜாக்குலின் உட்சனின் ‘கமிங் ஆன் ஹோம் சூன்’ (2004) பாருங்கள் அக்கா. இரண்டாம் உலகப் போர்க்காலம். ஆண்கள் போருக்குப் போனதால், அம்மா சிகாகோவுக்கு ரயில்வே வேலைக்குப் போகிறாள். மகள் பாட்டியோடும் பூனைக்குட்டியோடும் கடிதத்துக்காகக் காத்திருக்கிறாள். ஈ. பி. லூயிஸின் நீர்வண்ணப் படங்களே பாதிக் கதை சொல்லிவிடும். தமிழில் நீங்களே சொல்லிக் காட்டலாம்.

பதில் 2: என் அப்பாவும் ராணுவம்தான். தேதி மட்டும் சொல்லிவிடாதீர்கள்மா. லீவு தள்ளிப்போனால் குழந்தை உடைந்துபோகும்.

கேட்டவர்: சரிம்மா. பூனைக்குட்டி என்றதுமே மடியில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.