/டெம்ப் அடைவை நினைவகத்தில் வைப்பது மேசைக்கணினிக்குத் தேவைதானா?

நிலாமுற்றம்:
அனைவருக்கும் வணக்கம். என் மேசைக்கணினியில் 8 ஜிபி நினைவகமும் 512 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ளன. டெபியன் லினக்ஸை 12-ஆம் பதிப்பிலிருந்து 13-க்கு மேம்படுத்தி மறுதொடக்கம் செய்த நாள் முதல், காணொளித் தொகுப்பு மென்பொருளில் நீளமான காட்சி எதையாவது ஏற்றுமதி செய்தால் பாதி வழியில் ‘சாதனத்தில் இடமில்லை’ என்ற செய்தியோடு நின்றுவிடுகிறது. வட்டிலோ பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. வட்டு இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டுப் பார்த்தபோது, தற்காலிகக் கோப்புகளுக்கான /டெம்ப் அடைவு தனியாக, டெம்ப்எஃப்எஸ் என்ற நினைவகக் கோப்பு முறைமையாக, 4 ஜிபிக்குச் சற்றுக் குறைவான அளவில் மவுன்ட் ஆகியிருப்பது (இணைக்கப்பட்டிருப்பது) தெரிந்தது. இந்த மாற்றத்தால் எனக்கு என்ன பயன்? பழையபடி வட்டுக்கே திருப்பிவிடலாமா?

வட்டுக்காரன்:
திருப்பிவிடுங்கள். /டெம்ப்பை அப்படி இணைக்கும் டெம்ப்.மவுன்ட் யூனிட்டை சிஸ்டம்சிடிஎல் கட்டளை கொண்டு மாஸ்க் செய்து (முடக்கி) மறுதொடக்கம் செய்தால் போதும்.

நினைவகத்தில் இருந்தால் வேகம் என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வட்டில் எழுதுவதாக நாம் நினைக்கும் கோப்பும் முதலில் நினைவகத்தில், கோப்புகளுக்கான இடைச்சேமிப்பான பேஜ் கேஷில்தான் எழுதப்படுகிறது. கெர்னலின் (இயங்குதள மையக்கருவின்) இயல்பு அமைப்பில், எழுதப்பட்ட பக்கம் 30 விநாடி பழையதான பிறகே வட்டுக்கு அனுப்பப்படும். இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகள் இட ஒதுக்கீட்டையே அதுவரை தள்ளிப்போடுவதால், 10 விநாடியில் உருவாகி அழியும் ஒரு தற்காலிகக் கோப்பின் உள்ளடக்கம் பெரும்பாலும் எஸ்எஸ்டியைத் தொடுவதே இல்லை. கம்பைல் செய்பவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். நேரத்தைத் தின்பது அங்கே செயலியே தவிர வட்டு அன்று. ஒரே நிரல் தொகுப்பை இரண்டு இடங்களிலும் வைத்து நானே கட்டிப் பார்த்தேன். ஒரே இடத்தில் இரண்டு முறை கட்டும்போது வரும் ஏற்ற இறக்கத்தைவிடப் பெரிய வேறுபாடு எதையும் காணவில்லை.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்பது அடுத்த அச்சம். ஒரு டெராபைட் எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 600 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். நாளுக்கு 20 ஜிபி தற்காலிகக் கோப்புகளை எழுதித் தள்ளினாலும் அந்த எல்லையைத் தொட 30,000 நாள், அதாவது 80 ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் அந்த வட்டைச் செருகும் துளையே வழக்கொழிந்திருக்கும்.

மறதிக்கோப்பு:
வட்டுக்காரன் அவர்கள் பேஜ் கேஷைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அது பாதிக் கதை. ‘இதை உடனே வட்டில் பதி’ என்னும் எஃப்சிங்க் அழைப்பை ஒரு நிரல் விடுத்தால் 30 விநாடிக் காத்திருப்பு கிடையாது. தரவு வட்டில் பதிந்தாக வேண்டும், நிரலும் அதுவரை நின்றாக வேண்டும். டெம்ப்எஃப்எஸில் எஃப்சிங்க் என்பது வெற்று அழைப்பு, உடனே திரும்பிவிடும். நான் அன்றாடம் செய்யும் வேலையையே எடுத்துக்கொள்கிறேன்: போஸ்ட்கிரெஸ் தரவுதளம் ஒன்றை /டெம்ப்பில் தற்காலிகமாக எழுப்பி, அதன்மீது சில ஆயிரம் சோதனைகளை ஓட்டி, முடிந்ததும் அழித்துவிடுகிறேன். ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றத்தை உறுதிசெய்யும் படிக்கும்) ஓர் எஃப்சிங்க் உண்டு. வட்டில் ஓட்டினால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வரலாம். நினைவகத்தில் ஓட்டினால் நாற்காலியிலேயே இருந்துவிடலாம். (எஃப்சிங்கை விழுங்கிவிடும் ஈட்மைடேட்டா என்ற நூலகம் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது, ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் அதைச் சேர்க்க நான் மறந்துவிடுகிறேன்.)

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த 4 ஜிபி ஒதுக்கி வைக்கப்பட்ட இடம் அன்று, உச்சவரம்பு மட்டுமே. இயல்பாக நினைவகத்தின் பாதி என்று வைத்திருக்கிறார்கள். அடைவு வெறுமையாக இருக்கும்போது ஏறத்தாழ எதையும் எடுத்துக்கொள்ளாது. நினைவகத்திலேயே கோப்புகளை வைக்கும் பழைய ராம்எஃப்எஸுக்கு வரம்பும் கிடையாது, அதன் பக்கங்கள் ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாதபோது பயன்படும் மாற்று இடத்துக்கு) போகவும் மாட்டா. டெம்ப்எஃப்எஸ் இரண்டையும் செய்கிறது. லினக்ஸில் இது 2001-இல் வந்த 2.4 கெர்னலிலிருந்தே இருக்கிறது, ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வெளியீடு 2013-இல் வெளிவந்த 18-ஆம் பதிப்பிலேயே இதை இயல்பாக்கிவிட்டது. டெபியன் 2025-இல்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

வட்டுக்காரன்:
போஸ்ட்கிரெஸ் சோதனையை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நிரலாளரின் தேவை. அவர் தனக்கென ஒரு டெம்ப்எஃப்எஸை வேண்டிய இடத்தில் மவுன்ட் செய்துகொள்ளலாம். காணொளி தொகுக்கும் ஒருவருடைய கணினியின் இயல்பு அமைப்பாக அதை வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

காரணம் வேகம் அன்று, நிரம்பும்போது என்ன நடக்கிறது என்பது. வட்டிலுள்ள கோப்புக்காகப் பேஜ் கேஷ் பிடித்திருக்கும் இடத்தைக் கெர்னல் எப்போது வேண்டுமானாலும் விடுவிக்கலாம், ஏனெனில் அசல் வட்டில் இருக்கிறது. டெம்ப்எஃப்எஸ் கோப்புக்கு நினைவகப் பக்கமே அசல். ஸ்வாப் இல்லாத கணினியில் அது நகர வழியே இல்லை. நினைவகம் தீர்ந்ததும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் எழுந்து பெரிய ப்ராசஸாக (இயங்கும் நிரலாக) பார்த்து, பெரும்பாலும் உலாவியை, கொல்லும். ஆனால் இடத்தை அடைத்திருக்கும் கோப்பு எந்த ப்ராசஸுக்கும் சொந்தமானதன்று. அதை எழுதிய நிரலையே கொன்றாலும் கோப்பு அங்கேயே கிடக்கும். குற்றம் செய்தவர் ஒருவர், தண்டனை பெறுபவர் வேறொருவர்.

போதாக்குறைக்கு, நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் ஃப்ரீ கட்டளையில் இந்தக் கோப்புகள் ‘பஃப்/கேஷ்’ நெடுவரிசைக்குள்ளும் சேர்த்துக் காட்டப்படுகின்றன. கேஷ்தானே, தேவைப்பட்டால் காலியாகும் என்று பயனர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்.

மறதிக்கோப்பு:
அதே வரியில் ‘ஷேர்டு’ என்ற நெடுவரிசையும் இருக்கிறது. டெம்ப்எஃப்எஸ் எடுத்துக்கொண்டது அதில் தெரியும். ‘அவைலபிள்’ எண்ணும் இதைக் கழித்தே சொல்கிறது. பார்க்க வேண்டிய எண் அதுதான். ஸ்வாப் இல்லாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. நினைவகத்துக்குள்ளேயே அமையும் ஸ்வாப்பான இசட்ராம் வைத்திருந்தாலும் போதும், பக்கங்களைச் சுருக்கி வைத்துக்கொள்ளும்.

வட்டுக்காரன்:
காணொளித் துண்டும் ஜிப் கோப்பும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை இசட்ராமில் போட்டால் ஏறத்தாழ அதே அளவு நினைவகத்தைத்தான் தின்னும். உரைக்கோப்புகளுக்குச் சரி, கேள்வி கேட்டவருடைய வேலைக்குப் பயன்படாது.

மூன்றாம்கண்:
இருவரும் இயல்பு அமைப்பைப் பற்றியே பேசுவதால் ஒன்றை இடைமறித்துச் சொல்கிறேன். பெரிய கோப்புக்கும் மறுதொடக்கத்துக்குப் பின்னும் இருக்க வேண்டிய கோப்புக்கும் /வார்/டெம்ப் என்ற இடம் எப்போதோ வகுக்கப்பட்டுவிட்டது. பல ஜிபி அளவுள்ள இடைக்கோப்புகளை /டெம்ப்பில் கொட்டுவது அந்தத் தொகுப்பு மென்பொருளின் பிழை. தற்காலிக இடத்தைக் குறிக்கும் டெம்ப்டிர் என்ற சூழல் மாறியையோ மென்பொருளின் அமைப்பையோ மாற்றினால் இந்தச் சிக்கல் தீரும்.

நிலாமுற்றம் கவனிக்க: மேம்படுத்துவதற்கு முன் /டெம்ப்பில் இருந்த கோப்புகள் புதிய மவுன்ட்டுக்கு அடியில் மறைந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வட்டில் இடம் பிடித்திருக்கும். மூல அடைவை (/) வேறோர் இடத்திலும் தெரியும்படி பைண்ட் மவுன்ட் செய்து, அதற்குள் இருக்கும் டெம்ப் அடைவைத் திறந்து பாருங்கள்.

நிலாமுற்றம்:
பார்த்தேன். பல வாரத்துக்கு முந்தைய ஏற்றுமதி மிச்சங்கள் 11 ஜிபி அளவுக்கு அடியில் கிடந்தன. நீக்கிவிட்டேன். தொகுப்பு மென்பொருளின் தற்காலிக இடத்தை /வார்/டெம்ப்புக்கு மாற்றியதும் காட்சி முழுவதும் தடையின்றி ஏற்றுமதியாகிவிட்டது. /டெம்ப்பை நினைவகத்திலேயே விட்டுவிட்டு, மவுன்ட் அமைப்புகளைக் கொண்ட எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்கு 1 ஜிபி வரம்பு மட்டும் வைத்திருக்கிறேன். நேற்று முழுநாள் வேலை செய்தும் அது 200 எம்பியைத் தாண்டவில்லை.

மறதிக்கோப்பு:
நானும் இதையேதான் பரிந்துரைத்திருப்பேன்.

வட்டுக்காரன்:
1 ஜிபி வரம்புக்கு எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த வரம்பைப் பயனரே தேடிவந்து, மூன்று பேரிடம் கேட்டு வைக்க வேண்டியிருந்தது; என் புகார் அப்படியேதான் நிற்கிறது. இன்னொன்று: புதிதாக நிறுவிய டெபியன் 13 /வார்/டெம்ப்பில் 30 நாள் பழைய கோப்புகளைத் தானே நீக்கிவிடும், மேம்படுத்திய கணினியில் அந்த ஏற்பாடு இயங்காது. ஏற்றுமதி மிச்சங்களை இனி நீங்கள்தான் அவ்வப்போது பார்த்து அழிக்க வேண்டும்.